சிறிய அணு உலை நம் பக்கத்து ஊர்களுக்குக் கரண்ட் கொடுக்குமா? எண்ணூர் முதல் பழவேற்காடு வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் மத்திய அரசு அணுசக்தி இயக்கம் ஒன்றை அறிவித்தது. ஒதுக்கீடு 20,000 கோடி ரூபாய். உள்நாட்டில் வடிவமைத்த சிறிய அணு உலைகள் குறைந்தது ஐந்து 2033-க்குள் ஓட வேண்டும் என்பது இலக்கு. மூடப்படும் அனல் மின் நிலையங்களின் இடத்திலும், மின்கம்பி போய்ச் சேராத தொலைதூர ஊர்களிலும் இவற்றை வைக்கலாம் என்பது அரசுத் தரப்பு சொல்லும் யோசனைகளில் ஒன்று. இந்த இரண்டு வரியும் வடசென்னைக்காரர்களின் காதில் விழாமல் போகாது. 1970-ல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது. பழவேற்காடு ஏரியைச் சுற்றி, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊர்கள் இருக்கின்றன.

நான் ஒரு அனல் மின் நிலையத்தின் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வீடு அத்திப்பட்டு பக்கம். டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் என்னிடம் கேட்கப்பட்டவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சிறிய உலை என்றால் எவ்வளவு சிறியது சார்?

பன்னாட்டு அணுசக்தி முகமையின் கணக்குப்படி 300 மெகாவாட் வரை மின்சாரம் தரும் உலை சிறியது. 10 மெகாவாட் வரை என்றால் நுண் உலை. கூடங்குளத்தில் ஓடும் இரண்டும் தலா 1,000 மெகாவாட். அதோடு ஒப்பிடும்போதுதான் இவை சிறியவை.

இந்தியாவில் இப்போது பேசப்படுபவை இரண்டு வகை. ஒன்று 'பாரத் சிறிய உலை', 220 மெகாவாட். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. கல்பாக்கத்திலும் கர்நாடகாவின் கைகாவிலும் பல வருடங்களாக ஓடும் கனநீர் உலையின் (சாதாரணத் தண்ணீருக்குப் பதில் 'கனநீர்' என்ற கனமான வகை நீரைப் பயன்படுத்தும் உலை) மேம்படுத்திய வடிவம். அந்த வகைக்கு நல்ல பெயர் உண்டு. கைகாவின் முதல் உலை 2018-ல் 962 நாள் ஒரு மூச்சாக ஓடி அன்றைய உலக சாதனையை முறியடித்தது. இரண்டாவது வகை பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்துவரும் 200 மெகாவாட், 55 மெகாவாட் உலைகள். தொழிற்சாலையிலேயே பெரும்பகுதியைச் செய்து கொண்டுவந்து பொருத்துவது என்ற எண்ணம் இந்த இரண்டாவது வகைக்குத்தான் பொருந்தும். செய்தியில் 'சிறிய உலை' என்று வந்தால் எதைச் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பாதிப் பேர் பேசுகிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

யுரேனிய அணு பிளக்கிறது, வெப்பம் வருகிறது, அது தண்ணீரை ஆவியாக்குகிறது, ஆவி டர்பைனைச் சுற்றுகிறது. ஆவிக்கு அப்புறம் எல்லாமே நான் வேலை பார்த்த இடத்தில் இருந்த அதே சங்கதிதான். வித்தியாசம் அடுப்பில் மட்டும்.

ஒரு கிராமத்துக்கு ஒரு உலை என்று வைக்க முடியுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்றேகால் யூனிட் சுமார். ஐந்நூறு வீடுள்ள ஊருக்கு நாளொன்றுக்கு 1,650 யூனிட். தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி மோட்டார், பள்ளிக்கூடம், இரண்டு மாவு மில் எல்லாம் சேர்த்தாலும், சாயங்காலம் எல்லோரும் மின்விசிறியும் டிவியும் போடும் நேரத்தில் 300, 400 கிலோவாட் இருந்தால் போதும்.

220 மெகாவாட் உலை ஒரு நாளில் தருவது 52 லட்சம் யூனிட்டுக்கு மேல். அது பதினைந்து லட்சம் வீடுகளுக்கு வரும். 55 மெகாவாட் உலை என்றாலும் நாலு லட்சம் வீடு. ஊருக்கு ஒன்று என்ற பேச்சே இங்கே அடிபட்டுப் போகிறது. அணு உலையில் செலவு முழுக்கக் கட்டுவதில்தான் இருக்கிறது, எரிபொருளுக்கு அதிகம் ஆகாது. போட்ட பணம் திரும்ப வேண்டுமென்றால் அது இரவும் பகலும் முழுத் திறனில் ஓடியாக வேண்டும். கிராமமோ சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை அள்ளிக் குடிக்கும், நள்ளிரவில் கொஞ்சம்தான் கேட்கும். உலையின் குணமும் ஊரின் குணமும் ஒத்துப்போகவில்லை.

ஆகவே நம் நாட்டில் சிறிய உலை வந்தால், அது எல்லா ஊரையும் இணைக்கும் மின்தொகுப்பில் சேரும் நடுத்தர மின் நிலையமாகவோ, பெரிய ஆலைக்கான சொந்த மின்சாரமாகவோதான் வரும். 2024 டிசம்பர் கடைசியில் இந்திய அணுமின் கழகம் பாரத் சிறிய உலைக்கு அழைப்பு விடுத்ததும், சொந்த உபயோகத்துக்கு மின்சாரம் தேவைப்படும் தொழில் நிறுவனங்களுக்குத்தான். 'கிராமத்துக்குச் சுத்தமான மின்சாரம்' என்ற பதாகையைப் பார்த்தால், அந்த மின்சாரம் எந்த சப்-ஸ்டேஷனுக்குப் போகிறது என்று கேளுங்கள்.

உலகத்தில் எங்கேயுமே ஒரு சின்ன ஊர் அணு உலையை நம்பி வாழவில்லையா?

வாழ்கிறது. ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் சுகோத்கா என்ற பனிப்பிரதேசம். அங்கே பிலிபினோ என்ற சுரங்க ஊரில் 1974-லிருந்து தலா 12 மெகாவாட் உலைகள் நான்கை அடுத்தடுத்து நிறுவினார்கள். மின்சாரத்தோடு வீடுகளைச் சூடாக்கும் வெந்நீரும் அதிலிருந்தே போனது. அவை வயதாகி ஓய்வுக்கு வரும்போது, அதே பிரதேசத்தில் பெவெக் துறைமுகத்தில் 'அகாதெமிக் லொமோனோசொவ்' என்ற மிதவை அணுமின் நிலையத்தைக் கொண்டுவந்து கட்டினார்கள். தலா 35 மெகாவாட்டில் இரண்டு உலைகள். 2019 டிசம்பரில் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. பெவெக்கில் இருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான்.

அங்கே எப்படிச் சரிப்பட்டது? நாட்டின் மின்தொகுப்பு அங்கே போகவில்லை. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் முகம் காட்டாது. டீசலும் நிலக்கரியும் கடல் உருகியிருக்கும் சில மாதத்துக்குள் கப்பலில் வந்து சேர வேண்டும். சுரங்கங்கள் இருப்பதால் மின்சாரத்துக்கு நிரந்தர வாடிக்கையாளர் உண்டு. வெப்பமும் வீணாகாது, அது வீட்டுக்குப் போகிறது. இத்தனையும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் கணக்கு நேராகிறது. அதற்கும் மேலே, செலவை ரஷ்ய அரசு தாங்கிக்கொண்டது.

அலாஸ்காவில் கலீனா என்ற ஆற்றங்கரைச் சிற்றூர் இதே ஆசையோடு இருந்தது. சில நூறு பேர் வசிக்கும் ஊர், கோடையில் யூகான் ஆற்றில் படகில் வரும் டீசல்தான் ஆதாரம். 2000-களின் நடுவில் தோஷிபா நிறுவனம் 10 மெகாவாட் உலை ஒன்றை அங்கே வைக்கலாம் என்று முன்வந்தது, நகர மன்றமும் ஆர்வம் காட்டியது. அந்த உலை வரவே இல்லை, அனுமதி வாங்கும் கட்டத்தைக்கூடத் தாண்டவில்லை. ஒரு சிற்றூருக்காக உரிமம், பாதுகாப்பு, பயிற்சி பெற்ற ஆட்கள் என்று எல்லாவற்றையும் தூக்கிச் சுமப்பது அவ்வளவு பாரம்.

அதற்கும் முன்னால் அமெரிக்கக் கடற்படை அண்டார்டிகாவின் மெக்மர்டோ தளத்தில் 1962-ல் ஒரு குட்டி உலையை ஓட்டியது. பத்து வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து மாசுபட்ட மண்ணையும் பாறையையும் ஆயிரக்கணக்கான டன் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே எடுத்துப் போக வேண்டியிருந்தது. உலை சிறியதென்றால் சுத்தம் செய்யும் வேலையும் சிறியது என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இந்தக் கதையைச் சொல்வேன்.

நம் பக்கத்தில் கரண்ட் ஏன் இப்படிப் போகிறது? மின்சாரம் போதவில்லையா?

இதுதான் நான் ரொம்ப நேரம் பேச விரும்பும் கேள்வி. வடசென்னை அனல் மின் நிலையமும் வல்லூர் அனல் மின் நிலையமும் சேர்ந்தால் 4,000 மெகாவாட்டுக்கு மேல் திறன். இந்தப் பக்கம் புகைபோக்கியைப் பார்க்காமல் யாரும் காலையில் கண் விழிக்க முடியாது. அதே ஊர்களில்தான் லோ வோல்டேஜ்.

காரணம் கம்பியில் இருக்கிறது. மார்கழி விடியற்காலையில் மின்கோபுரத்துக்குக் கீழே நின்றிருந்தால் தெரியும். கடல்காற்றில் வரும் உப்பும், காற்றில் பறக்கும் சாம்பலும் பீங்கான் இன்சுலேட்டரில் மாதக்கணக்கில் படிந்திருக்கும். காய்ந்திருக்கும் வரை ஒன்றும் செய்யாது. பனி இறங்கி அந்தப் படிவு ஈரமானதும் அதன் மேலேயே மின்சாரம் ஊர ஆரம்பிக்கும். முதலில் சர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் நீலமாய்ப் பொறி, அடுத்த நொடி லைன் டிரிப். இன்சுலேட்டரைக் கழுவ ஆள் வேண்டும், பீங்கானுக்குப் பதில் சிலிக்கான் ரப்பர் வகையை மாற்ற வேண்டும். அதற்குப் பணமும் லைன்மேனும் இல்லாத இடத்தில், பக்கத்தில் எந்த உலையை வைத்தாலும் விளக்கு அணையத்தான் செய்யும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இதை எல்லோருமே பார்த்தோம். மின்சாரம் தயாராகும் இடம் நடந்துபோகும் தூரத்தில், ஆனால் பல தெருக்களில் நாள்கணக்கில் இருட்டு. பழவேற்காட்டில் ஐஸ் கம்பெனிக்குக் கரண்ட் போனால் அன்றைய இறாலின் விலை அங்கேயே சரிகிறது. ஜெனரேட்டர் டீசல் காசும் கடைசியில் மீனவர் தலையில்தான் விழுகிறது. கேட்க வேண்டியது நல்ல கம்பியும், கூடுதல் டிரான்ஸ்ஃபார்மரும், விவசாய மோட்டாருக்குத் தனி ஃபீடரும்.

இது சுத்தமான மின்சாரம்தானா?

புகை, சாம்பல், கரியமில வாயு மூன்றையும் வைத்துப் பார்த்தால், ஆம். ஐ.நா.வின் காலநிலை மாற்ற ஆய்வுக் குழுவான ஐ.பி.சி.சி. 2014-ல் வெளியிட்ட கணக்கில், சுரங்கம் முதல் கட்டுமானம் வரை எல்லாம் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு அணுமின்சாரம் 12 கிராம் கரியமில வாயு, நிலக்கரி 820 கிராம். காற்றாலை அணுவுக்குச் சமம், சூரிய மின்சாரம் 40-லிருந்து 50 கிராம்.

எங்கள் அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிலக்கரி எரியும், அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். 4,000 மெகாவாட் முழுத்திறனில் ஓடினால் நாளொன்றுக்கு 60,000 டன்னுக்கு மேல் நிலக்கரி, 20,000 டன் சாம்பல். 220 மெகாவாட் கனநீர் உலைக்கு ஒரு வருடத்துக்கே சுமார் 40 டன் யுரேனிய எரிபொருள் போதும். அதே திறனுள்ள நிலக்கரி உலை 40 டன்னைக் கால் மணி நேரத்தில் தின்றுவிடும்.

சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் கலந்த நாளில் நான் கரையில் நின்றிருக்கிறேன். சிமென்ட் கரைசல் மாதிரி சாம்பல்நிறக் குழம்பு. ஆற்றுக்குள் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள், முழங்கைவரை பூசிய சாம்பலோடு ஏறி வந்தார்கள். கூடையில் ஒரு கை இறால்கூட இல்லை. அந்தச் சாம்பலைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் அணு மின்சாரத்தைக் கேட்ட உடனே வேண்டாம் என்று தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. ஒரு யூனிட்டுக்கு எத்தனை உயிர் போகிறது என்று கணக்கிட்ட ஆய்வுகளில் நிலக்கரிப் புகைதான் அணுவைவிடப் பலமடங்கு கொடியது.

ஆனால் சுத்தம் என்பது நம் வாசலோடு முடிவதில்லை. யுரேனியம் ஜார்க்கண்டின் ஜாதுகுடாவிலும் ஆந்திராவின் தும்மலபள்ளியிலும் தோண்டப்படுகிறது. அங்கே அரைத்த மண்ணின் கழிவுக்குளம் யாரோ ஒருவர் ஊரின் பக்கத்தில்தான் இருக்கிறது. சாம்பல் குளத்தின் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் நாம், இது நமக்குப் புரிய வேண்டும்.

சுனாமி வந்தால்? ஃபுகுஷிமா மாதிரி ஆகிவிடாதா?

ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்தவுடன் உலைகள் முறைப்படி நின்றுவிட்டன. பிரச்சினை அதற்குப் பிறகுதான். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிறது அல்லவா, உலையும் அப்படித்தான். ஆனால் தோசைக்கல் ஆறிக்கொண்டே போகும், அணு எரிபொருளோ நிறுத்திய பிறகும் தானே வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கும். நின்ற நொடியில் முழு வெப்பத்தில் 6, 7 சதவீதம், ஒரு நாள் கழித்து அரை சதவீதம் போல. அதை வெளியேற்றப் பம்ப் ஓட வேண்டும். பம்புக்கான டீசல் ஜெனரேட்டர்களைச் சுனாமி மூழ்கடித்ததால்தான் எரிபொருள் உருகியது.

சிறிய உலைக்கு இங்கே உண்மையான அனுகூலம் உண்டு. வெப்பம் குறைவு என்பதால், சூடான தண்ணீர் மேலே போய் குளிர்ந்தது கீழே வரும் இயற்கைச் சுழற்சியிலேயே ஆறும்படி வடிவமைக்க முடியும். பம்பும் வேண்டாம், ஜெனரேட்டரும் வேண்டாம். சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் 2023 டிசம்பரிலிருந்து வணிகரீதியாக ஓடும் 210 மெகாவாட் நிலையத்தில், குளிர்விப்பை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தார்கள். உலை தானாகவே ஆறியது. அதன் எரிபொருள் மணல் அளவுத் துகள்களாகப் பல அடுக்குப் பூச்சுக்குள் இருக்கிறது, 1,600 டிகிரி வரை தாங்கும்.

இந்த அனுகூலம் எல்லாச் சிறிய உலைக்கும் தானாக வந்துவிடாது. 220 மெகாவாட் கனநீர் உலை வேறு வகை, அதன் பாதுகாப்பு ஏற்பாடுகளை அதன் வடிவமைப்பை வைத்துத்தான் பேச வேண்டும்.

கல்பாக்கத்தையும் கேட்பீர்கள். 2004 சுனாமியில் கடல்நீர் பம்ப் கட்டடத்துக்குள் புகுந்தது, ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது, சில நாளில் மீண்டும் ஓடியது. உலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துக் குடியிருப்பில் அலையில் உயிர்கள் போயின.

கழிவை என்ன செய்வார்கள்?

பயன்படுத்திய எரிபொருளை முதலில் சில வருடம் தண்ணீர்க் குளத்தில் ஆற வைப்பார்கள். இந்தியாவில் அதைக் கரைத்து, மீண்டும் பயன்படக் கூடிய யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் பிரிக்கிறார்கள். கல்பாக்கத்தில் அப்படி ஒரு ஆலை உண்டு. மிஞ்சும் கடும் கதிரியக்கக் கழிவைக் கண்ணாடியோடு உருக்கி, எஃகுக் கலனில் அடைத்து வைக்கிறார்கள்.

நிரந்தரமாகப் புதைக்க நிலத்தடிப் பாறைக் கிடங்கு இந்தியாவில் இன்னும் இல்லை. உலகிலேயே இதில் முன்னால் நிற்பது பின்லாந்து, 400 மீட்டருக்குக் கீழே பாறையைக் குடைந்திருக்கிறார்கள்.

சிறிய உலையில் கழிவும் குறைவு என்று விளம்பரத்தில் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உலை சிறியதாக ஆக, அணுவைப் பிளக்கும் துகளான நியூட்ரான் வெளியே தப்பிப் போவது அதிகமாகும், அது பட்ட சுற்றுப் பாகங்களும் கதிரியக்கம் ஏறிக் கழிவாகும். 2022-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, சில சிறிய உலை வடிவங்களில் ஒரே அளவு மின்சாரத்துக்குக் கழிவின் கனஅளவு பெரிய உலையைவிட இரண்டு மடங்கிலிருந்து முப்பது மடங்கு வரை கூடலாம் என்று எழுதியது. உலை நிறுவனங்கள் அதை மறுத்தன. வாக்குவாதம் முடியவில்லை. 'சிறியது, ஆகவே கழிவும் சிறியது' என்று அடித்துச் சொல்ல இன்றைக்கு யாருக்கும் ஆதாரம் இல்லை.

கடலில் வெந்நீர் விடுவார்களா? மீன் என்னாவது?

விடுவார்கள். ஆவி டர்பைன் எதுவானாலும் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். கனநீர் உலையில் நூறு பங்கு வெப்பத்தில் முப்பது பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் மின்சாரமாகும், நிலக்கரி நிலையத்தில் அதைவிடச் சற்று அதிகம். அதாவது ஒரே அளவு மின்சாரத்துக்கு அணு உலை கடலில் விடும் வெப்பம் நிலக்கரியைவிடக் கூடுதல். 220 மெகாவாட் உலை 500 மெகாவாட்டுக்கு மேல் வெப்பத்தைத் தண்ணீரில் விடும்.

எண்ணூர் கழிமுகம் ஏற்கெனவே வெந்நீரையும் சாம்பலையும் எண்ணெயையும் தாங்கி ஓய்ந்துபோன இடம். முகத்துவாரம் தூர்ந்து அலை ஏறி இறங்குவதே குறைந்திருக்கும்போது, அங்கே இன்னொரு சூட்டை இறக்குவதை நான் ஏற்கமாட்டேன். நேரே ஆழ்கடலுக்குக் குழாய் போட்டு விட்டால் பாதிப்பு குறையும், செலவு கூடும். செலவு கூடும் இடத்தில் என்ன நடக்கும் என்பதை இங்கே பார்த்துவிட்டோம்.

கதிர்வீச்சால் புற்றுநோய் வருமா?

சாதாரணமாக ஓடும் உலையால் சுற்றுவட்டார மக்களுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு மிகக் குறைவு. இயற்கையாகவே உலக சராசரியில் ஒரு மனிதன் வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வாங்குகிறான், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும். அணு நிலையத்தால் பொதுமக்களுக்குக் கூடுதலாக 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் சேரக்கூடாது என்பது விதி, நடப்பில் வருவது அதிலும் சிறு பங்குதான். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் தோரியம் இருப்பதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சே இதைவிட அதிகம்.

விபத்து என்று வந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது எத்தனை சீக்கிரம் ஊரைக் காலி செய்ய முடியும் என்பதே கேள்வி.

தோரியம் இருக்கிறதே, அதில் ஓட்டலாமே?

தோரியம் நேராக எரியாது. முதலில் வேறு எரிபொருளோடு உலையில் வைத்து யுரேனியம்-233 ஆக மாற்ற வேண்டும். கல்பாக்கத்தில் 'காமினி' என்ற 30 கிலோவாட் ஆராய்ச்சி உலை அதில் ஓடுகிறது. மின் நிலைய அளவுக்கு அது வர இன்னும் நீண்ட தூரம் போக வேண்டும்.

விலை எப்படி?

இங்கேதான் சிறிய உலைகள் இதுவரை சறுக்குகின்றன. பெரிய உலையானாலும் சிறியதானாலும் கட்டுப்பாட்டு அறை, காவல், உரிமம், அவசரத் திட்டம் எல்லாம் வேண்டும், மின்சாரமோ குறைவு. நிறையச் செய்தால் விலை இறங்கும் என்பது நம்பிக்கை. அந்த 'நிறைய' இன்னும் எங்கேயும் நடக்கவில்லை.

அமெரிக்காவில் நியூஸ்கேல் நிறுவனம் ஐடஹோ மாநிலத்தில் 462 மெகாவாட்டுக்கு ஆறு சிறிய உலைகள் கட்டவிருந்தது. வாங்கவிருந்தவை யூட்டா பக்கத்துச் சின்ன நகராட்சிகளின் மின்வாரியங்கள். அறிவித்த விலை ஒரு மெகாவாட்-மணிக்கு 58 டாலர். 2023 தொடக்கத்தில் அது 89 டாலர் ஆனது, அரசு மானியம் போக. நம் காசில் யூனிட்டுக்கு ஏழு ரூபாய்க்கு மேல். அந்த வருடம் நவம்பரில் திட்டமே கைவிடப்பட்டது. கனடாவில் டார்லிங்டனில் 300 மெகாவாட் உலைகள் நான்கு கட்ட 2025-ல் ஒப்புதல் கிடைத்தது. மதிப்பீடு 20.9 பில்லியன் கனடா டாலர்.

இந்தியாவில் சூரிய மின்சாரம் ஏலத்தில் யூனிட் இரண்டரை ரூபாய் அளவில் போகிறது. பேட்டரி சேர்த்த சமீப ஏலங்களில் மூன்று ரூபாய்க்குச் சற்று மேல். இரவும் பகலும் ஒரே சீராகக் கிடைக்கும் மின்சாரத்தோடு இதை நேருக்கு நேர் வைப்பது முழு நியாயம் ஆகாது, எனக்குத் தெரியும். ஆனாலும் இடைவெளி பெரியது.

எண்ணூரில் மூடிய அனல் மின் நிலைய இடத்தில் வைத்தால் என்ன? இடமும் கம்பியும் இருக்கிறதே.

இந்த யோசனையில் ஒரு நல்ல தர்க்கம் இருக்கிறது. மூடிய நிலக்கரி நிலையத்தில் சப்-ஸ்டேஷன், கடல்நீர்க் குழாய், ரயில்பாதை, பழகிய ஆட்கள் எல்லாம் கிடைக்கும். நிலக்கரி இடத்துக்கு அணு என்ற எண்ணத்தை நான் பொதுவில் எதிர்க்கவில்லை. எண்ணூரில் வேண்டாம் என்கிறேன்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இடத்தேர்வில் பார்த்துவந்த அளவுகோல்களில், 10 கிலோமீட்டருக்குள் பத்தாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊரும், 30 கிலோமீட்டருக்குள் லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரமும் இல்லாமலிருப்பது நல்லது என்று இருந்தது. திருவொற்றியூரில் மட்டும் 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர். 30 கிலோமீட்டர் வட்டம் போட்டால் பாரிமுனையே உள்ளே வந்துவிடும். சிறிய உலைக்கு இந்தத் தூரங்களைக் குறைக்கலாம் என்று வாதிடுகிறார்கள். தூரத்தைக் குறைத்தாலும் பக்கத்தில் இருப்பவை மாறிவிடாது: மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எரிவாயு நிரப்பும் நிலையங்கள், பெட்ரோலியக் கிடங்குகள், அமோனியா. 2023 டிசம்பரில் ஒரு உர ஆலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்த இரவில், பெரியகுப்பத்தில் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. ஒரு வாயுக் கசிவுக்கே ஒழுங்கான எச்சரிக்கை இல்லாத இடத்தில் அணு உலைக்கான அவசரத் திட்டத்தை நம்பச் சொல்வது தவறு.

இன்றைய நிலவரப்படி பயப்பட ஒன்றும் இல்லை. பாபா மையத்தின் 200, 55 மெகாவாட் முன்னோடி உலைகளுக்கு அரசு சொல்லியிருக்கும் இடம் மகாராஷ்டிராவின் தாராப்பூர்.

விபத்து நடந்தால் இழப்பீடு யார் தருவது?

2010-ல் வந்த அணு விபத்து இழப்பீட்டுச் சட்டப்படி நிலையத்தை நடத்துபவருக்கு 1,500 கோடி ரூபாய் வரை பொறுப்பு இருந்தது. குறைபாடுள்ள கருவி கொடுத்த நிறுவனத்திடம் அவர் திருப்பிக் கேட்கவும் அதில் வழி இருந்தது. போபாலை மனதில் வைத்துச் சேர்த்த விதி அது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 'சாந்தி' என்ற புதிய அணுசக்திச் சட்டம் பழையதை நீக்கியது. தனியாருக்குக் கதவு திறந்தது, கருவி கொடுத்தவர் மீதான அந்த விதி போய்விட்டது, நடத்துபவரின் பொறுப்பு உலையின் அளவைப் பொறுத்ததாக மாறியது. உலை சிறியது என்றால் உச்சவரம்பும் சிறியது. வீடும் படகும் வலையும் இழப்பவருக்கு நஷ்டம் மெகாவாட் பார்த்துக் குறையுமா? இந்த மாற்றத்தைப் பற்றித்தான் நம் ஆட்கள் அதிகம் பேச வேண்டும்.

உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைக்குமா?

கட்டும்போது கிடைக்கும். ஓடும்போது, நிலக்கரி இறக்குவது, சாம்பல் அள்ளுவது போன்ற ஒப்பந்த வேலைகள் இருக்காது. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பிள்ளைகளுக்குச் சில இடங்கள். நிலம் கொடுக்கும் முன்பே எண்ணிக்கையை எழுத்தில் வாங்காதவரை எந்த வாக்குறுதியும் செல்லாது.

அப்படியானால் பழவேற்காடு, காட்டூர், பொன்னேரி பக்கத்துக்கு என்னதான் வழி?

முதலில் கம்பி. அப்புறம் மாடியில் சூரிய மின்சாரம். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட் மாடி சூரிய மின் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஓட்டு வீடு, கூரை வீடு உள்ளவருக்கு அது எட்டாது என்பதால் பள்ளி, பால்வாடி, புயல் காப்பகம், மீன் ஏலக்கூடம் ஆகியவற்றின் மாடியில் ஊர்ப் பொதுவாக வைக்கக் கேட்க வேண்டும். ஐஸ் கம்பெனிக்குப் பகலில் சூரிய மின்சாரம் கச்சிதமாகப் பொருந்தும். பகல் வெயிலில் ஐஸ் செய்து வைத்துவிட்டால் அதுவே இரவுக்கான சேமிப்பு, பேட்டரியே வேண்டாம். உப்புக்காற்றில் பேனலின் சட்டமும் நட்டும் துருப்பிடிக்கும், எனவே துருப்பிடிக்காத எஃகைத்தான் கேட்டு வாங்குங்கள்.

அணு மின்சாரம் தமிழ்நாட்டுக்கு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. காற்றில்லாத மாதங்களின் இரவுகளில் நிலக்கரியைக் குறைக்க வேண்டுமென்றால் நிலையான மின்சாரம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். அதற்குரிய இடத்தில், விதியைக் குறுக்காமல் கட்டினால் நான் ஆதரிப்பேன். கிராமத்தின் பெயரைச் சொல்லிக் கட்டுவதைத்தான் ஏற்கவில்லை.

நாளைக்கு ஒரு திட்டம் வந்து கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தால் என்ன செய்வது?

2006-ஆம் வருட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அணுமின் திட்டங்கள் எல்லாம் 'அ' பிரிவு, மத்திய அரசின் அனுமதி வேண்டும். கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் போய்க் கேட்கலாம்.

அறிக்கையில் நான்கு இடங்களைத் தேடிப் படியுங்கள். வெந்நீர் எங்கே, எத்தனை டிகிரி கூடுதலாக விடப்படும். பயன்படுத்திய எரிபொருள் எத்தனை வருடம் அதே வளாகத்தில் இருக்கும். காலி செய்ய வேண்டி வந்தால் எந்தச் சாலை, எத்தனை பேருந்து, புயலில் அந்தச் சாலை மூழ்குமா. கடைசியாக, உலையை மூடிக் கழற்றும் செலவுக்கான பணம் யார் பெயரில், எங்கே வைக்கப்படும்.

மேடையில் பேசுவதற்கு நேரம் கிடைக்காமல் போகலாம், கூச்சலில் காதில் விழாமலும் போகலாம். அதனால் அன்று பேசினாலும் பேசாவிட்டாலும், கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். கூட்டம் முடியும்போது நடவடிக்கைக் குறிப்பை எல்லோர் முன்பும் உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. வாசிக்கும் வரை இடத்தைவிட்டு எழுந்து போகாதீர்கள். உங்கள் கேள்வி அதில் இல்லையென்றால், அங்கேயே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள்.